பதினைந்து வருஷ கிட்டார் கையோடு பியானோ: ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

மாணவருக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். திருநெல்வேலிப் பக்கம் அரசு அலுவலகம் ஒன்றில் வேலை. பள்ளியில் படிக்கும்போதே கிட்டார் கற்றுக்கொண்டு, பதினைந்து வருஷத்துக்கு மேலாகத் தங்கள் தேவாலயத்தில் வாசித்து வருகிறார். நடுவில் கொஞ்ச காலம் மெல்லிசைக் குழுவிலும் இருந்திருக்கிறார். பாட்டைக் கேட்ட மாத்திரத்தில் கார்ட் (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) பிடித்துவிடும் காது. தாளம் அசையாது. ஆரம்ப கிரேடு தேர்வுகளுக்காக ஐந்து கோட்டில் இசையை எழுதும் நோட்டேஷன் படித்திருக்கிறார், ஆனால் அதை விட்டுப் பல வருஷம் ஆகிவிட்டது. கார்ட் பெயர் எழுதிய தாள் இருந்தால் அவருக்குப் போதும்.

தேவாலயத்தில் கீபோர்டு வாசித்து வந்தவர் வேலைக்காக வளைகுடா போய்விட்டார். போதகர் இவரைக் கேட்டுக்கொண்டார். "கார்ட் எல்லாம் தெரியும்தானே தம்பி, உட்கார்ந்தால் வந்துவிடும்" என்பதுதான் எல்லோருடைய எண்ணமும். அவருடைய எண்ணமும் அதுவே. ஆனால் அங்கே தேவைப்பட்டது கார்ட் மட்டும் இல்லை. பாமாலைப் பாடல்கள், அதாவது சபை பாடும் மேற்கத்திய மெட்டுப் பாடல்கள், நான்கு குரலில் எழுதப்பட்டவை. மேலிருந்து கீழாக சொப்ரானோ, ஆல்ட்டோ, டெனர், பேஸ் நான்கையும் வாசித்துக் காட்டினால்தான் பாடகர் குழு பயிற்சி எடுக்க முடியும். பெரிய வெள்ளிக்கும் கிறிஸ்துமஸுக்கும் அது இல்லாமல் ஆகாது.

நான் இதே ஊரில் பியானோ கற்றுக்கொடுப்பவள். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் கிரேடு தேர்வு எழுதும் பிள்ளைகள். ஓர் இசைக்கருவி கையில் ஊறிப்போன பெரியவர் ஒருவரை முதலிலிருந்து பார்க்கக் கிடைத்த வாய்ப்பு இது. அவருடைய சம்மதத்தோடு, அடையாளம் தெரியாத அளவில், சுமார் ஒரு வருஷத்தில் நடந்ததை இங்கே எழுதுகிறேன். கிட்டாரிலிருந்து வருபவர்களைச் சிலர் பாதி தெரிந்தவர்களாக எடுத்துக்கொண்டு வேகமாகத் தள்ளுகிறார்கள். சிலர் எதுவுமே தெரியாதவர்களைப் போல் நடத்துகிறார்கள். இரண்டுமே அவர்களைச் சோர வைக்கிறது.

முதல் வகுப்புகளில் கண்டது

ஜி மேஜர் வாசிக்கச் சொன்னேன். இடது கையை நன்றாகக் கீழே கொண்டுபோய் ஜி, பி, டி மூன்றையும் நெருக்கமாக அழுத்தினார். கிட்டாரில் அவர் கை எப்போதும் போகும் அதே சுருதிகள்தான். பியானோவில் அது மங்கலாக, கனத்துக் கேட்டது. அவருக்கே பிடிக்கவில்லை. "கிட்டாரில் இதே நோட்டுதானே டீச்சர்?" என்றார். அதே நோட்டுதான். ஆனால் பியானோவின் கனமான கீழ்க் கம்பிகளில், ஒவ்வொரு நோட்டோடும் சேர்ந்து ஒலிக்கும் மேல்சுரங்கள் நெருங்கி மோதுகின்றன. கீழே போகப் போக நோட்டுகளுக்கு நடுவே இடம் விட வேண்டும்.

அடுத்து அவர் கையைப் பார்த்தேன். இடது கைக் கட்டைவிரல் கட்டைகளுக்கு வெளியே, விளிம்புக்குக் கீழே தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டாரில் அந்த விரலுக்குக் கழுத்தின் பின்னால் நின்று தாங்குவதைத் தவிர வேறு வேலை இல்லை. பதினைந்து வருஷமாக ஒரு நோட்டுகூட வாசிக்காத விரல் அது. பியானோவில் அதுதான் ஒன்றாம் விரல்.

அழுத்தமும் அப்படித்தான். கிட்டாரில் கம்பியை விடாமல் அழுத்தினால்தான் சத்தம் நிற்கும். அழுத்தம் குறைந்தால் கம்பி அதிரும், இல்லையென்றால் செத்துவிடும். பியானோ கட்டை இறங்க ஏறக்குறைய 50 கிராம் எடை போதும். சுத்தியல் கம்பியை அடித்துத் திரும்பிய பிறகு எவ்வளவு அழுத்தினாலும் சத்தத்தில் எதுவும் மாறாது, கட்டை கீழே இருந்தாலே போதும். இவர் இடது கை ஒவ்வொரு நோட்டின் அடியிலும் இறுகி நின்றது. முன்கையைத் தொட்டுப் பார்த்தால் கல் மாதிரி இருந்தது. அதே நேரத்தில் வலது கை தளர்வாக, மணிக்கட்டு ஆடிக்கொண்டு, ஸ்ட்ரம்மிங்கின் அசைவோடு இருந்தது. அதனால் கார்டின் நோட்டுகள் ஒன்றாக விழாமல் கீழிருந்து மேலாகச் சற்றே சிதறி விழுந்தன.

எனக்கு அதிகம் சொல்லிக்கொடுத்தது விரல் எண்கள். ஒரு சின்னப் பயிற்சியில் இடது கைக்கு 2 என்று அச்சிட்டிருந்த இடத்தில் அவர் நடுவிரலை வைத்தார். திருத்தினேன், அடுத்த வரியில் மறுபடி நடுவிரல். கிட்டாரில் இடது கையின் ஆள்காட்டி விரல் 1, நடுவிரல் 2. பியானோவில் கட்டைவிரல் 1, ஆள்காட்டி 2. ஒவ்வொரு விரலும் ஓர் எண் தள்ளிப் போகிறது. வலது கையில் இந்தக் குழப்பம் இல்லவே இல்லை. கிட்டாரில் வலது கை விரல்களுக்கு எழுத்துதான், எண் கிடையாது. ஒரே பக்கத்தில் ஒரு கை சரியாகவும் இன்னொரு கை தவறாகவும் படிக்கிறது என்றால் அதைக் கவனக்குறைவு என்று சொல்ல முடியாது. பழைய கல்வி அந்தக் கையில் அவ்வளவு ஆழமாக இருக்கிறது.

இன்னொன்று. உயர்ந்த நோட்டுகளை எழுதும் ட்ரெபிள் கிளெஃபில் நடு சி (பியானோவின் நடுவே வரும் சி) எழுதியிருந்தால் ஓர் ஆக்டேவ் (அடுத்த சி வரையிலான தூரம்) கீழே போய் வாசித்தார். இதற்கும் காரணம் இருந்தது. கிட்டாருக்கு எழுதும் நோட்டேஷன், கேட்கும் சுருதியைவிட ஓர் ஆக்டேவ் மேலே எழுதப்படுகிறது. தாளில் இருக்கும் நடு சி, கிட்டாரில் ஐந்தாம் கம்பி மூன்றாம் ஃப்ரெட் (கழுத்தில் உள்ள உலோகக் குறுக்குப்பட்டை). அதன் ஒலி பியானோவின் நடு சிக்கு ஓர் ஆக்டேவ் கீழே. அவர் காது சரியாகத்தான் தேடியது.

எந்த வழியில் போவது

மூன்று வழிகள் இருந்தன. முதலாவது, குழந்தைகளுக்கான முதல் புத்தகத்திலிருந்து தொடங்குவது. இது பாதுகாப்பானது, ஆனால் செவந்த் போன்ற நான்கு நோட்டுக் கார்டின் நிறம் தெரிந்த ஒருவரை ஐந்து நோட்டுப் பாட்டில் மாதக்கணக்கில் உட்கார வைத்தால் காது பட்டினி கிடக்கும். இரண்டாவது, இடது கையில் கார்ட், வலது கையில் மெட்டு என்று கீபோர்டு பாணியில் விடுவது. சில வாரத்தில் ஞாயிறு ஆராதனைக்கு உட்கார்ந்துவிடலாம். போதகர் எதிர்பார்த்தது இதைத்தான். ஆனால் அப்படிப் பழகிய இடது கை, பிறகு டெனரையும் பேஸையும் தனித்தனியாக நடத்தாது. கார்டை அமுக்கியே பழகிவிடும்.

நான் எடுத்தது மூன்றாவது வழி. பாமாலைப் பாட்டையே பாடமாக வைத்து, முதலில் வெளிக் குரல்கள் இரண்டை மட்டும் வாசிப்பது: இடது கையில் பேஸ், வலது கையில் சொப்ரானோ, கைக்கு ஒரே ஒரு நோட்டு. இது கையளவில் ஆரம்பப் பாடம். காதளவில் முழுப் பாட்டின் எலும்புக்கூடு. நடுக் குரல்களை அவர் காது தானாகவே நிரப்பிக்கொள்ளும் என்று எதிர்பார்த்தேன். அது நடந்தது. பேஸும் மெட்டும் வாசித்துக்கொண்டே "இங்கே ஈ மைனர் வருது" என்று சொல்லுவார். நடுவில் இருக்கும் நோட்டுகளை அவர் அதுவரை பார்த்திருக்கவே மாட்டார். பேஸில் பி வந்து மேலே ஜி கார்ட் என்றால் அது அவருக்குப் பழக்கமான ஸ்லாஷ் கார்ட் (ஜி/பி என்று எழுதுவது). கார்டின் நடு நோட்டை அடியில் வைக்கும் முதல் இன்வர்ஷன் என்ற பாடத்தை நான் நடத்தவே வேண்டியிருக்கவில்லை.

போதகரிடம் நானே பேசினேன். ஆறு மாதத்துக்கு இவரைக் கீபோர்டில் உட்கார வைக்க வேண்டாம், கிட்டாரிலேயே இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன். ஆராதனை மேடையில் அவசரத்துக்குப் பழகும் குறுக்குவழி அப்புறம் கையை விட்டுப் போகாது. அவர் யோசித்துவிட்டு ஒத்துக்கொண்டார்.

பேஸ் கிளெஃப்

கிட்டார் வாசிப்பவர்கள் பியானோவுக்கு வந்தால், தாழ்ந்த நோட்டுகளை எழுதும் பேஸ் கிளெஃபைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். இவரும் முதலில் ஒவ்வொரு கோடாக எண்ணிக்கொண்டு உட்கார்ந்தார். எண்ணுவதை நிறுத்தச் சொல்லிவிட்டு, பேஸ் கிளெஃப் கோடுகளில் அவருடைய கிட்டாரின் ஆறு திறந்த கம்பிகளையும் அவை உண்மையில் ஒலிக்கும் இடத்திலேயே எழுதிக் காட்டினேன். ஆறாம் கம்பி ஈ, கோடுகளுக்குக் கீழே கூடுதலாகப் போடும் முதல் துணைக்கோட்டில். ஐந்தாம் கம்பி ஏ, முதல் இடைவெளியில். நான்காவது டி, நட்ட நடுக் கோட்டில். மூன்றாவது ஜி, கடைசி இடைவெளியில். இரண்டாவது பி, மேல்கோட்டுக்குச் சற்று மேலே. முதல் கம்பி ஈ, மேலே இரண்டாவது துணைக்கோட்டில்.

அவர் அந்தத் தாளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டாரின் திறந்த கம்பிகள் கிட்டத்தட்ட முழுவதும் பேஸ் கிளெஃபுக்குள்தான் இருக்கின்றன. ட்ரெபிள் கிளெஃபில் எழுதுவது படிக்க வசதியாக வந்த வழக்கம். இவருக்குப் பேஸ் கிளெஃப் புது ஊர் இல்லை. பிறந்து வளர்ந்த தெருவுக்கு இப்போதுதான் பெயர்ப்பலகை வைத்திருக்கிறோம்.

அன்றிலிருந்து இடது கைப் படிப்பு வலது கையைவிட வேகமாகப் போனது. குழந்தைகளிடம் இதற்கு நேர்மாறாகத்தான் நான் பார்த்திருக்கிறேன். நடுக் கோட்டில் ஒரு நோட்டு வந்தால் அவருக்கு நான்காம் கம்பியின் ஒலியே மனதில் கேட்டது. கண் படிப்பதற்கு முன் காது போய் நின்றது. ஆறு நங்கூரங்களை வைத்துக்கொண்டு நடுவில் உள்ளவற்றைப் பிடித்தார்.

ஆனால் ஒரு நோட்டுக்கு ஓர் இடம் என்பது அவருக்குப் புதுசு. கிட்டாரில் முதல் கம்பியின் ஈ இரண்டாம் கம்பி ஐந்தாம் ஃப்ரெட்டிலும் மூன்றாம் கம்பி ஒன்பதாம் ஃப்ரெட்டிலும் கிடைக்கும். கை எங்கே இருக்கிறதோ அங்கேயே எடுத்துக்கொள்ளலாம். பியானோவில் கைதான் நோட்டைத் தேடிப் போக வேண்டும். எந்த விரலில் போய்ச் சேருவது, அங்கிருந்து அடுத்ததற்கு எப்படி நழுவுவது என்பது முன்கூட்டியே தீர்மானிக்க வேண்டிய விஷயம். "நோட்டு தெரியுது டீச்சர், எந்த விரல்னுதான் தெரியல" என்று அவர் சொன்னது சரியான கணிப்பு. கட்டையை விடாமலே ஒரு விரலை எடுத்து இன்னொரு விரலை வைக்கும் வித்தையைச் சொல்லிக்கொடுத்தபோதுதான் பாமாலை வரிகள் அறுபடாமல் ஓடத் தொடங்கின.

கேப்போவும் டிரான்ஸ்போஸ் பட்டனும்

பாமாலையில் ஈ ஃப்ளாட், ஏ ஃப்ளாட் போன்ற ஸ்கேல்கள் நிறைய வரும். கிட்டாரில் இவருக்கு இது பிரச்சினையாகவே இருந்ததில்லை. முதல் ஃப்ரெட்டில் கேப்போ (எல்லாக் கம்பிகளையும் ஒருசேர அழுத்தும் கவ்வி) போட்டு டி ஷேப் (டி கார்டுக்கான விரல் அமைப்பு) பிடித்தால் ஈ ஃப்ளாட், ஜி ஷேப் பிடித்தால் ஏ ஃப்ளாட். கை அறிந்தது ஐந்தாறு ஷேப், காது அறிந்தது எல்லா ஸ்கேலும். நடுவில் நோட்டின் பெயர் என்ற ஒன்று தேவையே படவில்லை. ஈ ஃப்ளாட் கார்டில் என்னென்ன நோட்டு என்று கேட்டபோது அவரால் சொல்ல முடியவில்லை. பதினைந்து வருஷமாக அந்தக் கார்டை வாசித்து வருபவர்.

வீட்டில் இருந்த கீபோர்டில், சுருதியை மொத்தமாக ஏற்றி இறக்கும் டிரான்ஸ்போஸ் பட்டனைக் கண்டுபிடித்து, அதையே கேப்போ போல வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் டியிலும் ஜியிலும் வாசித்துக்கொண்டிருந்தார். கார்ட் தாளை மட்டும் பார்த்து வாசிப்பவருக்கு அது போதும். நோட்டேஷன் படிக்கப் பழகுபவருக்கு அதுவே விஷம். தாளில் ஈ ஃப்ளாட், கேட்பது ஈ ஃப்ளாட், விரல் அழுத்துவது டி. மூன்றில் ஒன்று பொய் சொல்கிறது. கண்ணும் காதும் கையும் ஒன்றையொன்று நம்பக் கற்றுக்கொள்ள வேண்டிய நேரத்தில் இது கூடாது. பட்டனைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டேன். இதில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

மாற்றாக, ஒரு பாட்டை எடுத்து இரண்டு ஸ்கேலில் வாசிக்க வைத்தேன். அதோடு இன்வர்ஷன். சி, எஃப், ஜி, சி என்ற சாதாரண வரிசையில் சி, ஈ, ஜி பிடித்த கை, சியை அப்படியே வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஒரு படி ஏற்றினால் எஃப் கார்ட். அங்கிருந்து கொஞ்சம் இறங்கினால் பி, டி, ஜி. கை கிட்டத்தட்ட நகரவே இல்லை. கிட்டாரில் ஷேப்பிலிருந்து ஷேப்புக்குத் தாவிப் பழகியவருக்கு, ஒவ்வொரு நோட்டும் தனக்கென்று ஒரு பாதையில் நடப்பது இங்கேதான் கண்ணில் பட்டது. பாடகர் குழுவில் ஆல்ட்டோ ஏன் பாதி நேரம் ஒரே நோட்டில் நிற்கிறது என்று அன்றைக்குத்தான் புரிந்தது என்றார்.

கை வலி, நகம், கருவி

நான்காவது மாதத்தையொட்டி இடது முன்கையில் வலி வந்தது. அலுவலகத்தில் நாள் முழுக்க கம்ப்யூட்டர், ராத்திரி பியானோ, ஞாயிறு கிட்டார். வீட்டில் பார்த்தால் 61 கட்டை கீபோர்டைச் சாப்பாட்டு மேஜையில் வைத்து, தாழ்ந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்துக்கொண்டிருந்தார். முழங்கை கட்டைகளுக்கு ரொம்பவே கீழே இருந்தது. எடை இல்லாத கட்டைகள் என்பதால் அங்கே தட்டிப் பழகிவிட்டு, என் வீட்டுப் பியானோவில் அதே கட்டையை ஓங்கி அடித்தார்.

ஒரு வாரம் முழு ஓய்வு. வலி தொடர்ந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டுத்தான் வர வேண்டும் என்றேன். குறைந்துவிட்டது. பிறகு உயரத்தைச் சரிசெய்தோம். முன்கை கட்டைகளுக்குச் சமமாக வரும்படி இருக்கையை ஏற்றினார். பயிற்சியைச் சின்னச் சின்ன அமர்வுகளாக உடைத்தோம். ஒவ்வொரு நோட்டுக்குப் பிறகும் கட்டையைப் பிடித்தபடியே கையைத் தளர்த்துவது என்ற ஒரே பயிற்சியைப் பல வாரம் செய்தோம். சலிப்பான வேலை, பொறுமையாகச் செய்தார். பிறகு எடையுள்ள 88 கட்டைகள் கொண்ட பழைய டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கினார். தொடுகையில் தெரிந்த முன்னேற்றத்தில் பெரும்பகுதி அதற்குப் பிறகு வந்ததுதான்.

நகம் அவருக்குக் கஷ்டமான முடிவு. பிளக்கிங்குக்காக வலது கையில் வளர்த்த நகம் கட்டையில் டக் டக்கென்று மோதியது, விரலும் தட்டையாகிப் போனது. வெட்டினால் கிட்டாரின் தொனி போய்விடும். கடைசியில் வெட்டினார். விரல் நுனிச் சதையால் பிளக் செய்யப் பழகிக்கொண்டார். அந்தத் தொனியை அவர் இப்போதும் இழப்பாகத்தான் சொல்கிறார்.

ஆராதனையில்

ஒத்துக்கொண்ட ஆறு மாதத்துக்குப் பிறகு, ஒரு மாலை ஆராதனையில் ஒரே ஒரு பாமாலை, எஃப் மேஜரில். நான்கு குரலும் வாசித்தார். நோட்டுகள் சரி. சபை இழுத்தது. கிட்டாரில் ஸ்ட்ரம்மிங் அடித்தே சபையை நடத்தியவர், இங்கே தாளத்தை எந்தக் கையில் வைப்பது என்று தெரியாமல் தவித்தார். பாட்டு வரவரத் தாமதமானது. அடுத்த வகுப்பில் இடது கைப் பேஸைச் சற்றுத் தெளிவாக, ஒவ்வொரு வரி முடிவிலும் சபை மூச்செடுக்கும் அளவுக்கு இடம் விட்டு வாசிக்கப் பழகினோம். பாடிக்கொண்டே வாசிக்கச் சொன்னேன். தானே மூச்செடுத்தால் இடம் தானாக வரும். அடுத்த முறை சபை அவரோடு நடந்தது.

பெடலும் அங்கே தொல்லை கொடுத்தது. கிட்டாரில் கம்பிகள் ஒன்றின் மேல் ஒன்றாக ஒலித்துக்கொண்டே இருப்பதுதான் அழகு என்பதால் சஸ்டெய்ன் பெடலை மிதித்தால் எடுக்கவே மாட்டார். எதிரொலி நிறைந்த பழைய கட்டடத்தில் எல்லாம் குழம்பியது. கார்ட் விழும்போது காலைத் தூக்கி, விழுந்த உடனே மறுபடி மிதிக்க வேண்டும். பெடலே இல்லாமல் விரலால் இணைக்கத் தெரிந்த பிறகு இது எளிதாக வந்தது.

கிட்டார் கை நேராக உதவிய இடமும் உண்டு. மெல்லிய பாடல்களில் இடது கைக்கு அடி, மேல், நடு, மேல் என்று கார்டை உடைத்து வாசிக்கும் அல்பெர்ட்டி பேஸ் கொடுத்தபோது முதல் முறையிலேயே வந்துவிட்டது. வலது கையால் வருஷக்கணக்கில் செய்த பிளக்கிங்கின் தாளம் இடது கைக்கு இறங்கியிருந்தது.

கீர்த்தனைகளில் மட்டும் நாங்கள் வேறு முடிவு எடுத்தோம். நெல்லைச் சீமையில் 1774இல் பிறந்த வேதநாயகம் சாஸ்திரியார் போன்றவர்களின் கீர்த்தனைகள் ராகத்தில் அமைந்தவை, கமகம் இல்லாமல் அவற்றின் உயிர் தெரியாது. கிட்டாரில் கம்பியை இழுத்து ஓரளவுக்காவது அதைத் தொட முடியும். பியானோவில் ஒரு நோட்டு விழுந்த பிறகு அதை அசைக்க வழியே இல்லை. அதனால் கீர்த்தனைக்குக் கீபோர்டில் மெட்டை வாசிப்பதில்லை. சுருதியும் தேவையான இடத்தில் எளிய கார்டும் மட்டும். மெட்டு பாடுபவர்களிடமே இருக்கிறது. சில ஞாயிறுகளில் அவரே கிட்டாரை எடுத்துக்கொள்கிறார்.

இப்போதைய நிலை

மூன்று ஷார்ப், மூன்று ஃப்ளாட் (சுரத்தை அரைப்படி ஏற்றும், இறக்கும் குறிகள்) வரையிலான பாமாலைகளை முன்கூட்டிப் பயிற்சி செய்து நான்கு குரலில் வாசிக்கிறார். டெனர் எட்டாத தூரம் போனால் அதை வலது கையில் எடுத்துக்கொள்ளத் தெரிகிறது. பாடகர் குழுவுக்கு ஒவ்வொரு குரலையும் தனியாக வாசித்துக் காட்டுகிறார். போதகர் முதலில் கேட்ட வேலை இதுதான், அது நடக்கிறது. கை வலி திரும்ப வரவில்லை.

பார்த்த உடனே வாசிப்பது இன்னும் பலவீனம். காது கண்ணை முந்திவிடுகிறது. இரண்டு வரி போனதும் அடுத்தது எப்படி இருக்கும் என்று காது ஊகித்துவிடும், விரல் அதை வாசித்துவிடும். ஊகம் பெரும்பாலும் இசைக்குப் பொருத்தமாகவே இருக்கும், தாளில் இருப்பது மட்டும் அது இல்லை.

அடுத்தவருக்கு மாற்றிச் செய்யப் போவது

இடது கைக்கு முதல் சில வாரம் விரல் எண்ணே சொல்லப்போவதில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி என்று பெயர் சொல்லியே நடத்தி, கட்டைவிரல் வேலை செய்யத் தொடங்கிய பிறகு எண்ணைக் கொண்டுவருவேன். ஆறு கம்பிகளைப் பேஸ் கிளெஃபில் எழுதிக் காட்டும் பாடம் முதல் வகுப்புக்கே வந்துவிடும்.

எந்தக் கருவியில், எந்த உயரத்தில் வீட்டில் பயிற்சி செய்கிறார் என்பதைத் தொடக்கத்திலேயே நேரில் பார்ப்பேன். 88 கட்டை வாங்க வசதி இல்லாதவர் என்றால் வாரத்தில் கூடுதலாக ஒரு மணி நேரம் என் பியானோவில் உட்கார விடலாம். அல்பெர்ட்டி பேஸை முன்னாலேயே கொடுப்பேன். தெரிந்த ஒன்றை இடது கை வாசிக்கும்போது அது தானாகவே தளர்ந்ததைப் பிறகுதான் பார்த்தேன். பெடல் தாமதமாக வந்தால் போதும்.

பார்த்து வாசிப்பதற்கு இந்த மாணவரோடு இப்போது புது முறை ஒன்றைத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு நாளும் அவர் கேட்டே இராத ஒரு பாட்டின் டெனர் வரியை மட்டும் மெதுவாக, நிறுத்தாமல், திரும்பிப் போகாமல் வாசிக்க வேண்டும். டெனர் வரியைக் காதால் ஊகிப்பது கடினம் என்பதால் கண் படித்தே ஆக வேண்டியிருக்கிறது.